நாக்கை நீட்டுங்க

பாலக்கோடு மண்டியில் விடிவதற்கு முன்
தக்காளி ஏலம் கூவுபவன் நான்.
நூத்தி அறுவது, அறுவது, அறுவத்தஞ்சு...
விலை ஏறும்போது
கழுத்து நடுவில் ஒரு நெல்லிக்காயும் ஏறும்.
பாலக்காட்டு பஷீர் என் வாயைப் பார்ப்பதில்லை,
அதைத்தான் பார்ப்பான்.

சின்ன வயதிலிருந்து இருக்கிறது.
சளி பிடித்தால் வீங்கும், மாத்திரை போட்டால் வற்றும்.
இந்த வைகாசியில் வற்றவில்லை.
மேல் பொத்தான் போட முடியவில்லை.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி.
டாக்டர் தில்ஷாத் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை.
"எச்சில் முழுங்குங்க." ஏறியது.
"நாக்கை நீட்டுங்க."
நாற்பத்தோரு வயதில்,
வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்க,
நீட்டினேன்.
நாக்கோடு சேர்ந்து மேலே போனது அது,
கயிற்றில் கட்டிய வாளி மாதிரி.

"தைராய்டு உருவாகிற இடம் கழுத்தில்லை, நாக்கோட வேர்.
அங்கேயிருந்து இறங்கி வரும்,
நீங்க அம்மா வயித்தில
புளியங்கொட்டை அளவு இருந்தப்ப.
வந்த வழி தானா மூடிக்கணும்.
உங்களுக்கு மூடல."

மொரப்பூரிலிருந்து வந்த சின்ன ரயில் ஞாபகம் வந்தது.
நான் பார்த்ததில்லை.
தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபோது
அப்பாவே பிறக்கவில்லை.
ஆங்காங்கே மேடு மட்டும் கிடக்கிறது கொல்லைகளுக்கு நடுவே.
மழை பெய்தால் அதன் ஓரமாய்த் தண்ணீர் நிற்கும்.

ஊசி வைத்து உறிஞ்சினார்கள். தேன் நிறம்.
சந்தேகமாக ஒன்றும் இல்லை.
"நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது சாது."
நூற்றுக்கு ஒன்று என்பது
மண்டிக்காரன் காதில் வேறு மாதிரி விழும்.
அந்த ஒன்றில்தான் எங்கள் பிழைப்பு.

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வருமாம்.
வழியையும் எடுத்தார்கள்,
வழி தொட்டுப் போகும் எலும்பின் நடுத்துண்டையும்.
நாலாம் நாள் கஞ்சி. ஏழாம் நாள் வீடு.
பதினோராம் நாள்
போன்.

கெம்பராஜ், ஆண், 41.
பையின் உட்சுவரில் எட்டு மில்லிமீட்டர்.
பாப்பிலரி கார்சினோமா.
வெட்டிய ஓரங்கள் சுத்தம்.
கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து.
அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.
எங்கள் மண்டியிலும் ஒருவன் உண்டு,
மேலடுக்கைத் தொட்டே
அடியில் இருக்கும் ஒற்றை அழுகலைச் சொல்லிவிடுவான்.
அவனுக்கு நாங்கள் கூலி அதிகம் தருவோம்.

பிறகு ஆளுக்கொரு பேச்சு.
சேலத்தில் பார்த்தவர் சொன்னார்:
தைராய்டையும் எடுத்துவிடுங்கள், நிம்மதி.
தில்ஷாத் ஸ்கேனை விளக்கில் பிடித்தபடி
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"சுரப்பியில முடிச்சில்ல. நெறிகட்டலும் இல்ல.
சின்னது, சுவரைத் தாண்டல.
எடுக்கிறதும் தப்பில்ல.
எடுக்காம கண்ணு வெச்சிருக்கிறதும் தப்பில்ல."
டாக்டர் இப்படிச் சொல்லலாமா என்று
பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முனிரத்னா கேட்டாள்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நாலாம் நாள் கேட்டாள்,
"எடுத்தா குரல் போகுமா?"
போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றேன்.
"ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுங்க"
என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

எடுக்கவில்லை.
காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
கழுத்தில் சில்லென்ற பசை, இருட்டு அறை,
திரையில் சாம்பல் நிற வயல்.
அந்தப் பெண் எலியை நகர்த்தி
எதையோ அளக்கும்போதெல்லாம்
நான் மூச்சு விடுவதில்லை.
"மூச்சு விடலாம் சார், இது வேற."

பஷீருக்குத்தான் திண்டாட்டம்.
முதல் வாரம் இரண்டு லோடு தவறவிட்டான்.
"எவ்வளவுன்னு தெரியலியே அண்ணா,"
என் கழுத்தைப் பார்த்துச் சொல்கிறான்.
காதைக் குடுடா என்றேன்.

சவரம் செய்யும்போது,
யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு,
கண்ணாடிக்கு நாக்கை நீட்டுகிறேன்.
தழும்பு மட்டும் கொஞ்சம் அசைகிறது.
அசையலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.
மறுநாளும் நீட்டுகிறேன்.